இடப்பக்கம் சுற்றும் பூதம்

பெண் வீடு சென்னை, மாப்பிள்ளை வீடு சிங்கப்பூர், கல்யாணம் மட்டும் பாலித் தீவில். காஞ்சிபுரத்தில் எங்கள் முதலாளி கடையில் எடுத்த புடவைகளுக்குக் குஞ்சம் எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்பதில் பெண்ணின் அம்மாவும் அத்தையும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. "அங்க வந்தே கட்டிக் குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டார்கள். குஞ்சம் கட்டுகிறவள் என் மனைவி கமலா. புடவைப் பெட்டிகளுக்குப் பொறுப்பு நான். இப்படித்தான் பிள்ளையார்பாளையத்திலிருந்து நாங்கள் இருவரும் கடல் கடந்தோம்.

என் வேலை தறிக்கு ஜக்கார்டு அட்டை குத்துவது, அதாவது புடவை டிசைனை அட்டையில் துளைகளாகப் போடுவது. அட்டையில் ஒரு துளை இடம் மாறினால் புடவைக் கரையில் யானையின் தும்பிக்கை வாலாகிவிடும். அதனால் எதையும் இரண்டு தடவை சரிபார்ப்பேன். பாஸ்போர்ட்டை ஐந்தாறு தடவை பார்த்தேன். கமலா இதை வியாதி என்பாள்.

கடற்கரை ஓட்டலில் கல்யாணம் நடந்தது. கமலா ஓர் அறையில் உட்கார்ந்து குஞ்சம் கட்டினாள். அம்மா சொன்ன நிறத்தை ஒரு பக்கமும் அத்தை சொன்ன நிறத்தை மறுபக்கமும் வைத்துக் கட்டி இருவரையும் சமாதானப்படுத்தினாள். வேலை முடிந்தது. ஆனால் உடனே திரும்ப முடியவில்லை. இந்தத் தீவின் புத்தாண்டு மௌன நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அதை நியெபி என்கிறார்கள். அன்று தீவு முழுக்க விளக்கு கிடையாது, அடுப்பு கிடையாது, வண்டி கிடையாது, விமானம்கூடக் கிடையாது. அதற்கு முன்னால் போகிற விமானங்களில் இடமும் இல்லை. மௌன நாள் முடிந்த பிறகுதான் எங்கள் பயணம். ஓட்டல் வாடகையைக் கேட்டு கமலா நெஞ்சில் கை வைத்தாள்.

ஓட்டல் கார் ஓட்டுநர் வாயான் ஆங்கிலத்தில் சொன்னார்: "எங்கள் வீட்டில் விருந்தாளிகளுக்கு ஒரு அறை வைத்திருக்கிறோம். மலைப்பக்கம். வாருங்கள்."

வாயான் என்பது முதல் பிள்ளைக்கு வைக்கிற பெயர். இரண்டாவதற்கு மதே அல்லது காடெக், மூன்றாவதற்கு நியோமான், நான்காவதற்கு கெதுத். ஐந்தாவது பிறந்தால் மறுபடி வாயான். இதை நான் விளக்கியதும் கமலா கேட்டாள்: "அப்போ தெருவுல நின்னு வாயான்னு கூப்ட்டா பாதி ஊரு திரும்பிப் பாக்குமா?" நான் மொழிபெயர்த்தேன். வாயான் யோசித்து, "பாதி இல்லை, கால்வாசி" என்றார்.

பாங்லி என்ற ஊர்ப்பக்கம் மலையடிவாரக் கிராமம் அது. ஊர் எல்லையிலேயே காரை நிறுத்திவிட வேண்டும். தெருவுக்குள் மோட்டார் வண்டி வரக் கூடாது என்று ஊரே சேர்ந்து முடிவு செய்திருக்கிறது. எங்கள் பெட்டியை ஒரு கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார் வாயான். நம் ராஜவீதியில் ஆட்டோவுக்கும் பேருந்துக்கும் நடுவில் உடம்பைச் சுருக்கி நடந்தே பழகியவன் நான். நடுத்தெருவில் கையை வீசிக்கொண்டு நடப்பது ஏதோ தப்பு செய்வது போலவே இருந்தது.

ஒவ்வொரு வாசலிலும் தென்னங்குருத்தில் மடித்த சின்னத் தட்டு, அதில் பூவும் ஒரு சிட்டிகைச் சோறும் ஊதுவத்தியும். கமலா ஒவ்வொன்றையும் சுற்றிக்கொண்டு நடந்தாள். "கோலத்த மிதிச்சாலே எங்கம்மா அடிக்கும். இதுல சோறு வேற இருக்குது" என்றாள்.

சாப்பாடு தென்னை ஈர்க்கில் பின்னிய தட்டில் வந்தது, மேலே வாழையிலை. சாப்பிட்டதும் இலை மாட்டுக்குப் போகும். தட்டைத் தட்டி வெயிலில் வைத்தால் போதும். பிளாஸ்டிக் பாட்டில் வீட்டில் ஒன்றுகூட இல்லை. மண்பானைத் தண்ணீர்தான். கமலா கறி சாப்பிடமாட்டாள் என்று சொல்லியிருந்ததால் அவளுக்குத் தேங்காய்த்துருவல் போட்ட கீரை, வறுத்த வேர்க்கடலை, பச்சை வெங்காயத்தை எலுமிச்சைப்புல்லோடு பொடியாக அரிந்து எண்ணெய் ஊற்றிய ஒரு துவையல். பிறகு சோயா பீன்ஸைப் புளிக்கவைத்துக் கட்டியாக்கிய தெம்பே என்ற பதார்த்தம். அதை அவள் முகர்ந்து பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், கண்ணை மூடிக்கொண்டு கடித்தாள். பிறகு இரண்டாவது துண்டு எடுத்தாள்.

சோறும்கூட இலைக்குள்ளேயே வெந்து வந்தது. நம் கோயில் இட்லியை மூங்கில் குடலையில் மந்தாரை இலை வைத்து வேகவைப்பதை வாயானிடம் சொன்னேன். "எவ்வளவு பெரியது?" என்று கேட்டார். கையை விரித்துக் காட்டினேன். நம்பவில்லை.

அன்று மாலை வாயானின் மகள் காடெக் எங்களை ஊர்ப் பொதுக்கூடத்துக்கு அழைத்துப் போனாள். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். நன்றாக ஆங்கிலம் பேசுகிறாள். என்னை "பாக்" என்றும் கமலாவை "ஈபு" என்றும் அழைத்தாள். ஐயா, அம்மா என்பது போல. கூடத்தின் நடுவில் ஓர் அரக்கி நின்றுகொண்டிருந்தாள். ஓராள் உயரத்துக்கு மேல் இன்னோர் ஆள் உயரம். தொங்கும் நாக்கு, பிதுங்கிய கண், தூக்கிய இடது கையில் கதாயுதம்.

"புது வூட்டுக்குக் கட்டுற திருஷ்டி பொம்ம மாதிரியே இருக்குது" என்றாள் கமலா. "அதோட அக்கா."

மௌன நாளுக்கு முந்தின மாலையில் ஒவ்வொரு பேட்டை இளைஞர்களும் இப்படி ஒரு பூதத்தைச் செய்து, மூங்கில் சட்டத்தில் வைத்துத் தோளில் தூக்கி ஊரைச் சுற்றுவார்கள். ஊரில் இருக்கிற கெட்டதெல்லாம் அதில் ஏறிக்கொள்ளும். பிறகு ஊருக்கு வெளியே எரித்துவிடுவார்கள். அந்தப் பூதத்துக்கு ஓகோ ஓகோ என்று பெயர்.

இந்த அரக்கி கொஞ்சம் வேறு மாதிரி என்றாள் காடெக். இதைச் செய்தது அவளும் அவள் நண்பர்களும். எலும்பு மூங்கில். சதை வைக்கோல். தோல், பழைய காகிதத்தை மரவள்ளிக் கஞ்சியில் ஒட்டியது. தலைமுடி பனை வகை மரத்தின் கறுப்பு நார். பல் கொட்டாங்குச்சி. ஆணி கிடையாது, கம்பி கிடையாது. ஆணிக்குப் பதில் மூங்கிலில் சீவிய முளையும் கயிறும்தான். இதுவரை இந்தப் பேட்டையில் தெர்மாகோலில்தான் செய்துவந்தார்கள். அவற்றைச் செய்தவர் அவளுடைய சித்தப்பா மதே. சுற்றுவட்டாரத்தில் பேர்போன கை.

"தெர்மாகோல் சரியாக எரியாது, பாக். மிச்சத்தைப் பள்ளத்தில் போடுவார்கள். மழை வந்தால் எல்லாம் வாய்க்காலுக்குப் போகும். நாங்கள் ஊர்க்கூட்டத்தில் சண்டை போட்டோம். ஒரே ஒரு வருஷம் கொடுத்திருக்கிறார்கள். உடையாமல் ஊரைச் சுற்றி வந்தால் இனி எப்போதும் இப்படித்தான். நடுவில் உடைந்தால் அடுத்த வருஷம் மறுபடி தெர்மாகோல்."

கூடத்தின் தூணில் சாய்ந்து ஒருவர் கிராம்பு சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். அவர்தான் மதே. அவர் சொன்னதைக் காடெக் சிரிக்காமல் மொழிபெயர்த்தாள்: "வைக்கோல் நிற்கும், நடக்கும். நாற்சந்தியில் சுற்றும்போது தாங்காது. நான் அங்கேதான் நின்று பார்ப்பேன் என்கிறார்."

"சொந்த சித்தப்பனா?" என்று கமலா கேட்டாள். "அதான் வாய் இவ்ளோ நீளமா இருக்குது."

மறுநாள் குனுங் காவி பார்க்கப் போனோம். பள்ளத்தாக்கின் அடியில் ஆறு. இரு கரையிலும் செங்குத்துப் பாறையைக் குடைந்து கோபுர வடிவில் கோயில்கள். ஆயிரம் ஆண்டுப் பழமை என்கிறார்கள். மாமல்லபுரம் பார்த்த கண்ணுக்கு உளி புதிதல்ல. ஆனால் அங்கே கடல்மணல், இங்கே கழுத்துவரை பச்சை. இறங்கும் வழியெல்லாம் படி. பக்கத்தில் நெல் வயல், தண்ணீர்ச் சத்தம். கமலா இறங்கும்போது எதுவும் சொல்லவில்லை. ஏறும்போது என் குடும்பத்தில் எல்லோரையும் திட்டினாள்.

கோயில் வாசலில் எல்லோரும் இடுப்பில் கைலி போன்ற துணியும் அதன் மேல் ஒரு கச்சையும் கட்ட வேண்டும். துணியைத் துவைத்துத் துவைத்துத் திரும்பக் கொடுக்கிறார்கள். வேட்டி கட்டிப் பழகிய எனக்கு அந்தத் துணி அவ்வளவு பிடித்துவிட்டது; வழியில் ஒரு கடையில் சொந்தமாகவே ஒன்று வாங்கிவிட்டேன். கமலா தன் புடவை மேல் கட்ட ஒரு மஞ்சள் கச்சை வாங்கினாள்.

அந்த ஆசையின் பலனை அடுத்த நாளே அனுபவித்தேன். வயல்களைப் பார்க்க காடெக் ஆளுக்கொரு சைக்கிள் கொடுத்தாள். கமலா, "நான் நடந்தே வரேன், நீங்க விழறத யாராவது பாக்கணும்ல" என்று சொல்லிவிட்டாள். நான் கைலியோடு ஏறினேன். முதல் இறக்கத்திலேயே கைலியின் முனையைச் செயின் கவ்வியது. சைக்கிள் நின்றது, நான் நிற்கவில்லை. வரப்பு ஓரத்துச் சேற்றில் உட்கார்ந்தபடி கைலியை இழுத்தேன். இழுக்க இழுக்க அது உள்ளே போனது. பூக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்த ஒரு பெண்மணி நின்று பார்த்தார், கூடையை இறக்காமலே காலால் பெடலைப் பின்னுக்குத் தள்ளினார். கைலி வெளியே வந்தது, கறுப்பு மையோடு. அவர் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே போனார்.

"என்ன சொன்னார்?" என்று காடெக்கைக் கேட்டேன்.

"எங்கள் ஊர் ஆம்பிளைகளும் இப்படித்தான் என்றார்."

கொஞ்ச தூரத்தில் வாய்க்கால் பிரியும் இடம். குறுக்கே ஒரு மரக்கட்டை, அதில் அளவாக வெட்டிய பள்ளங்கள். எந்த வயலுக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு அகலப் பள்ளம். மேல் வயல்காரரும் கீழ் வயல்காரரும் ஒரே கோயிலில் கூடி எப்போது நடவு, எப்போது தண்ணீர் என்று முடிவு செய்கிறார்கள். எனக்கு எங்கள் ஊர்ப்பக்கத்துத் தாமல் ஏரியின் மதகும், கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர்வதற்குள் நடக்கும் பஞ்சாயத்துகளும் நினைவுக்கு வந்தன. கூரத்துச் செப்பேட்டிலும் ஏரி வெட்டியது, கால்வாய் தோண்டியது எல்லாம் எழுதியிருக்கிறது. பல்லவர் காலத்திலிருந்தே தண்ணீரில் பங்கு என்பதற்குக் கொஞ்சம் எழுத்து, நிறைய சத்தம் தேவைப்பட்டிருக்கிறது.

மரக்கட்டையின் ஒரு பள்ளத்தில் ஏதோ வெள்ளையாக அடைத்துக்கொண்டிருந்தது. காடெக் முழங்கால் தண்ணீரில் இறங்கி அதை உருவினாள். தெர்மாகோல் காது. சிவப்புச் சாயம் இன்னும் ஒட்டியிருந்தது.

"போன வருஷத்துப் பூதம்" என்றாள். "மூக்கு போன மாதம் கிடைத்தது." அதைச் சைக்கிள் கூடையில் போட்டுக்கொண்டாள்.

அடுத்த நாள் மாலைதான் ஊர்வலம். மதியம் காடெக் பதறிப்போய் வந்தாள். தூக்குகிறவர்களில் ஒருவன் தென்னை மரத்திலிருந்து இறங்கும்போது கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டான். அவன் முன்வரிசை மூலை ஆள். உயரம் ஒத்துப்போகிற வேறு ஆள் இல்லை. எல்லாப் பேட்டைகளும் தங்கள் பூதத்துக்கே ஆள் போதாமல் நிற்கின்றன. அவள் இதைத் தன் அப்பாவிடம் சொல்ல, அவர் எங்களுக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தபோது நான் குறுக்கிட்டேன்.

"நான் தூக்குவேன். எங்கள் தெரு அம்மன் புறப்பாட்டில் தோள் கொடுத்தவன்."

"அது இன்னா இன்னிக்கி நேத்தா?" என்றாள் கமலா. "அப்போ தலையில முடி இருந்துது. இப்போ உங்களுக்கு இன்னா வயசு ஆவுது? சைக்கிள்லயே நேரா ஒக்கார முடியல."

"தோள் அதே தோள்தான்."

"தோளு அதேதான். கீழ இருக்கிற முட்டி?"

காடெக் என் உயரத்தைப் பார்த்தாள். வேறு வழியில்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது. எனக்கு ஒரு கறுப்புச் சட்டை கொடுத்தார்கள். நாற்சந்தியில் மூன்று தடவை சுற்ற வேண்டும் என்று ஒருவன் விரலைச் சுழற்றிக் காட்டினான். தலையாட்டினேன். பாஸ்போர்ட்டை ஐந்தாறு தடவை பார்த்தவன், இதை ஒரு தடவைகூடக் கேட்டுச் சரிபார்க்கவில்லை.

வெயில் தணிந்ததும் தாளமும் பெரிய சேகண்டியும் முழவும் கிளம்பின. நம் ஊர்ப் பம்பை, உடுக்கைக்குக் கால் தானாக ஆடுவது போல இதற்கும் ஆடியது. ஒருவன் கத்த, எல்லோரும் மூங்கில் சட்டத்துக்குத் தோள் கொடுத்தோம். கனம் சரியாக இருந்தது. மூங்கிலுக்கு ஒரு நெளிவு உண்டு. நடக்கிறவனோடு சேர்ந்து மூச்சு விடும். அரக்கி ஒவ்வோர் அடிக்கும் தலையை ஆட்டினாள், வைக்கோல் சலசலத்தது, தெருவோரக் குழந்தைகள் அலறிச் சிரித்தன. பெண்கள் கூட்டத்தில் கமலா மஞ்சள் கச்சையோடு முன்னால் நின்று, "முட்டிய மடக்காதீங்க!" என்று கத்தினாள்.

நாற்சந்திக்கு வந்தோம். ஓரத்தில் சொன்னபடியே மதே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பக்கத்தில் ஊர்ப் பெரியவர்கள். மேளம் வேகம் பிடித்தது. "ஹோ!" என்று குரல் வந்ததும் எல்லோரும் ஓட்டமாகச் சுற்றக் கிளம்பினார்கள்.

நானும் கிளம்பினேன். வலப்பக்கமாக.

காஞ்சிபுரத்தில் பிறந்தவனுக்கு எந்தப் பக்கம் சுற்றுவது என்று யாரும் சொல்லித்தருவதில்லை. கோயிலோ, அரசமரமோ, நவக்கிரகமோ, கால் வலமாகத்தான் போகும். அந்தக் கால்தான் அன்றும் போனது. ஆனால் இந்தத் தீவில் சாமியை வலமாகச் சுற்றுகிறவர்கள் பூதத்தை இடமாகத்தான் சுற்றுவார்கள். அப்போதுதான் அதற்குத் திசை குழம்பும். இதை நான் பிறகுதான் அறிந்தேன். அதைவிட மோசம், எனக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு பேரும் ஒரு கணம் என்னோடு வந்துவிட்டார்கள். வயசானவருக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்திருக்க வேண்டும்.

முன்பக்கம் வலமும் பின்பக்கம் இடமுமாகச் சட்டம் முறுக்கிக்கொண்டது. பூதம் இப்படி ஒரு முறை, அப்படி ஒரு முறை ஆடியது. மேலே 'டப்' என்று ஒரு சத்தம். தூக்கியிருந்த இடது கை தோளில் முளை ஒடிந்து, கதையோடு கீழே தொங்கியது.

தெரு முழுக்க "ஓ" என்றது. மேளம் நின்றது.

சட்டத்தைக் கீழே இறக்கினோம். என் தோளைவிட என் முகம்தான் எரிந்தது. காடெக் என்னைப் பார்க்கவே இல்லை. சட்டத்தின் மேல் ஏறி, தொங்கிய கையைத் தூக்கிப் பிடித்தாள். கீழே பார்த்துக் கத்தினாள்: "கயிறு!" கயிறு கூடத்தில் இருந்தது. கூடம் ஊரின் அந்தக் கோடியில். பின்னாலிருந்து அடுத்த பேட்டையின் தாளச் சத்தம் நெருங்கிவந்தது. அவர்கள் வருவதற்குள் சந்தியை விட்டு நகர வேண்டும். நகராவிட்டால் பூதத்தை ஓரமாக ஒதுக்கிவிடுவார்கள். அதோடு எல்லாம் முடிந்தது.

வாயான் தன் இடுப்புக் கச்சையை அவிழ்த்து மேலே எறிந்தார். காடெக் அதைத் தோளுக்கும் கைக்குமாகச் சுற்றினாள். போதவில்லை. இன்னொரு பெண் தன்னுடையதைக் கொடுத்தாள். பிறகு இன்னொருத்தி. பச்சை, ஊதா, ஆரஞ்சு. கட்டினாலும் கதையின் கனம் கீழே இழுத்தது.

"நவுருங்கபா" என்று தமிழில் சொல்லிக்கொண்டே கமலா கூட்டத்தை விலக்கினாள். புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு சட்டத்தில் ஏறினாள். "நான் முட்டுக் குடுக்கறேன். அந்தக் கழிய எடும்மா." காடெக்குக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கழியை எடுத்தாள். இருவருமாக ஓர் உடைந்த மூங்கில் கழியைக் கைக்கும் முதுகெலும்புக்கும் நடுவில் சாய்த்து வைத்தார்கள். காடெக் அழுத்திப் பிடிக்க, கமலா மஞ்சள் கச்சையை அதன் மேல் இறுக்கி முடிச்சுப் போட்டாள். குஞ்சத்துக்குப் போடுகிற அதே முடிச்சு.

"ஆட்டிப் பாரு" என்றாள். காடெக் ஆட்டிப் பார்த்தாள். கை அசையவில்லை.

என்னை மூலையிலிருந்து எடுத்து நடுவரிசையில், இரண்டு பலசாலிகளுக்கு இடையில் சொருகினார்கள். அங்கே நான் எந்தப் பக்கம் போக நினைத்தாலும் அவர்கள் போகிற பக்கம்தான் போக முடியும். மேளம் தொடங்கியது. இடமாக மூன்று சுற்று. வண்ண வண்ணக் கச்சைகள் பறக்க, அரக்கி கையைத் தூக்கியபடியே சுற்றினாள். மூன்றாவது சுற்று முடியும்போது அடுத்த பேட்டைப் பூதம் சந்திக்குள் நுழைந்தது. கூட்டம் கைதட்டியது. மதே தட்டவில்லை. எங்கள் அரக்கியின் தோளையே பார்த்துக்கொண்டிருந்தவர், திரும்பிப் போய்விட்டார்.

ஊருக்கு வெளியே திடலில் எரிப்பதற்கு முன் அவரவர் கச்சையை அவிழ்த்துக்கொண்டார்கள். கமலாவின் முடிச்சு மட்டும் யாருக்கும் அவிழவில்லை; இருட்டிக்கொண்டு வந்ததால் அப்படியே விட்டுவிட்டார்கள். அரக்கி சடசடவென்று எரிந்தாள். கொஞ்ச நேரத்தில் வெறும் சாம்பல்.

"பெரியவர்கள் என்ன சொன்னார்கள்?" என்று காடெக்கைக் கேட்டேன்.

"இன்னும் முடிவு சொல்லவில்லை. உடைந்தது என்று சிலர். சுற்றி வந்ததே என்று சிலர். நாளைக்கு யாரும் கூட முடியாது. மறுநாள்தான் பேசுவார்கள்." பிறகு, "தூங்குங்கள், பாக்" என்றாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மௌன நாள் வந்தது. முந்தின நாளே சமைத்து வைத்த இலைச்சோறும் வாழைப்பழமும் கடலையும்தான் சாப்பாடு. கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட துணி கட்டிய காவலர்கள் தெருவில் சத்தமில்லாமல் நடந்தார்கள். ஒரு வண்டி இல்லை, ஒரு ரேடியோ இல்லை. அறைக்குள் இருந்தே எங்கோ வாய்க்கால் ஓடுவது கேட்டது. நம் வீட்டில் தறிச்சத்தம் நின்றால் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அர்த்தம். இங்கே ஒரு தீவே நின்று மூச்சு விட்டது.

அழகான நாள்தான். ஆனால் எனக்கு முற்றத்தின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த காடெக் தெரிந்தாள். அவள் அன்று பேசாவிரதம். கையில் ஒரு மூங்கில் முளையை வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்கவும் முடியாது, அவள் சரி என்று சொல்லவும் முடியாது.

"இதையே நெனச்சு எளச்சுப் போயிடாதீங்க" என்று கமலா என் காதில் சொன்னாள். "வலமா சுத்தறது ஒண்ணும் குத்தம் இல்ல. வேற வூட்டுப் பூதத்த சுத்துனீங்க பாருங்க, அதான்."

மாலையில் அவள் வழக்கம்போல் விளக்கேற்றும் நேரம் வந்தது. தீ கூடாது. அவள் கை கழுவி, சுவர்ப் பக்கம் திரும்பி, கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு முற்றத்துக்கு வந்து வானத்தைப் பார்த்து, "இன்னாங்க, இத்தினி நட்சத்திரமா?" என்றாள். அன்று முழுக்க நாங்கள் பேசியதில் அதுதான் உரக்கப் பேசியது. வாயான் வாயில் விரலை வைத்துச் சிரித்தார்.

மறுநாள் காலை அடுப்புப் புகையோடு ஊர் மறுபடி பேசத் தொடங்கியது. இந்த நாளில் உறவுக்காரர்களும் அண்டை வீட்டாரும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய் மன்னிப்புக் கேட்டுக்கொள்வது வழக்கம் என்றார் வாயான். எனக்காகவே வைத்த வழக்கம் போல இருந்தது. காடெக்கிடம் போனேன். கேட்டேன். அவள் என் கையைப் பிடித்து நெற்றியில் வைத்துக்கொண்டு, "நீங்கள் வராவிட்டால் மூலையில் ஆளே இல்லை" என்றாள். ஆனால் கண் தெருவாசலில் இருந்தது. ஊர்ப் பெரியவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

கூடத்திலிருந்து முதலில் வந்தவர் மதே. கையில் வெட்டுக்கத்தி. வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் எழுந்து கைகூப்பி, சட்டத்தைத் தப்பாகத் திருப்பியதற்கு மன்னிப்புக் கேட்டேன். வாயான் மொழிபெயர்த்தார். மதே பதில் சொன்னார். அதையும் வாயான் மொழிபெயர்த்தார்:

"தெர்மாகோல் கை உடைந்தால் பசை காயவே அரைநாள் ஆகும். சந்தியிலேயே கிடந்திருக்கும். அதைத்தான் கூடத்தில் சொன்னேன் என்கிறான்."

காடெக் எழுந்தாள். "யார் சொன்னது? நீங்களா?"

"நான்தான்" என்றார் மதே; வாயான் எனக்கு மொழிபெயர்த்துக்கொண்டே இருந்தார். "பெரியவர்களும் ஒத்துக்கொண்டார்கள், இனி வைக்கோல்தான். ஆனால் தோள்மூட்டு நான்தான் செய்வேன். அந்த முளை வெறும் சுண்டுவிரல் கனம்தான். அதை யார் வெட்டியது?"

"நான்."

"தெரிகிறது."

அவள் அழுதாளா சிரித்தாளா என்று சொல்வது கடினம். மதே அதற்கெல்லாம் நிற்கவில்லை. வெட்டுக்கத்தியால் தோட்டத்தைக் காட்டினார். அடுத்த வருஷத்து மூங்கிலை இப்போதே வெட்டி ஊறப்போட்டால்தான் பூச்சி அரிக்காது. எந்தப் புதர் என்று அவளே சொல்லட்டும் என்றார். அவள் புதருக்குப் புதர் போய்த் தட்டிப் பார்த்தாள். அவர் வேண்டாம், வேண்டாம் என்று தலையாட்டினார். ஐந்தாவதோ ஆறாவதோ ஒன்றுக்கு இருவரும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள்.

வெட்டிய மூங்கிலை முன்னால் நானும் பின்னால் வாயானுமாகத் தோள் கொடுத்துத் தூக்கினோம். கமலா பின்னால் வந்தாள். வரப்பு பிரியும் இடத்தில் மதே குரல் கொடுத்தார். மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. நான் இடப்பக்கம் திரும்பினேன்.

வாய்க்காலின் ஆழமான இடத்தில் மூங்கிலை இறக்கினோம். அது மிதந்தது. காடெக் பாவாடையைச் செருகிக்கொண்டு இறங்கி அதன் மேல் ஏறி நின்றாள். ஒரு முனை அமுங்கினால் மறுமுனை எழுந்தது. மதே கரையிலிருந்து கல்லை ஒவ்வொன்றாக எடுத்துக்கொடுக்க, அவள் தண்ணீருக்குள் குனிந்து வைத்தாள். கடைசிக் கல்லுக்கு மூங்கில் முழுதாக அடங்கியது. தண்ணீர் கொஞ்சம் கலங்கி, மறுபடி தெளிந்து, வயல் பக்கம் ஓடியது.